பழைய காரும் நம்பத்தக்க மெக்கானிக்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஒழுங்கைகளிலே நடந்து செல்பவர் எவரும் இக்காட்சியைக் காணாதிரார். கொட்டில் ஒன்றின் கீழோ, பழைய நாற்சார் வீட்டின் முன் விறாந்தையை அடுத்தோ, அறுபது எழுபது ஆண்டு வயதுடைய ஒஸ்ரின் ஏ-40 அல்லது மொறிஸ் மைனர்க் கார் ஒன்று நிற்கும். பிற தேசங்களிலே செல்வர்கள் அரும்பொருளாகப் பேணி, விழா நாட்களில் மாத்திரம் வெளியே எடுக்கும் இக்கார்கள், நம்மிடையே சந்தைக்குப் பொருள் ஏற்றவும், மணமக்களை அழைத்து வரவும், நோயாளரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லவும் நெடுங்காலம் உழைத்தன. சில இன்றும் உழைக்கின்றன.

இவை இங்கு நிலைத்தமைக்குப் பற்று மாத்திரம் காரணமன்று. 1960களிலே அந்நியச் செலாவணி முட்டுப்பாட்டினால் அரசாங்கம் கார் இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. 1977இலே பொருளாதாரக் கதவு திறக்கப்படும் வரை, கையிலிருந்த காரைத் திருத்தி ஓடுவதன்றி வேறு வழி பெரும்பாலோர்க்கு இருக்கவில்லை. பின்னர் போர் வந்தது. வடக்குக்குச் செல்லும் பொருள்களுக்குத் தடை வந்தது. அண்மையிலும், 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025இலேதான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஆதலின் பழைய காரைப் பேணுதல் நம் நாட்டிலே பொழுதுபோக்கு என்பதினும் குடும்பச் செலவோடு ஒட்டிய கருமமேயாகும்.

இத்தகைய கார் ஒரு நாட் காலையிலே புறப்பட மறுக்குமாயின் வீட்டார் செய்யத்தக்கது யாது? எவரை நம்பி அதனை ஒப்படைக்கலாம்? இவ்விரு வினாக்களையும் இவ்வாரம் ஆராயப் புகுகின்றோம். இவை வேறு வேறாகத் தோன்றினும், சோதித்த பின்னரே மாற்றுதல் வேண்டும் என்னும் ஒரே விதி இரண்டிற்கும் விடையாகும் என்பதைப் போகப்போகக் காட்டுவோம்.

எஞ்சினுக்கு வேண்டுவன

எஞ்சின் என்றவுடன் இது நமக்கு விளங்காத விடயம் என ஒதுக்குவோர் பலர். அடுப்பு மூட்டி அறிந்தவர் எவரும் எஞ்சினையும் அறியலாம். அடுப்பு எரிவதற்கு விறகும் காற்றும் நெருப்பும் வேண்டும். பெற்றோல் எஞ்சினுக்கும் அவையே வேண்டும். பெற்றோலும் காற்றும் உரிய அளவிற் கலந்து சிலிண்டரினுட் புகவேண்டும். பிஸ்டன் மேலெழுந்து அக்கலவையை நெருக்கவேண்டும். நெருக்குண்ட வேளையிலே பிளக்கின் முனையில் தீப்பொறி எழவேண்டும். இவை நிகழ்வதற்கு முதலில் எஞ்சினைச் சுழற்றிவிட ஒரு வலு வேண்டும். அதனைப் பற்றரி தருகின்றது. ஆகவே புறப்படாத காரைப் பார்த்துக் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கே. எஞ்சின் சுழல்கின்றதா? தீப்பொறி உண்டா? பெற்றோல் வருகின்றதா? நெருக்கம் போதுமா?

தீப்பொறி பிறக்கும் முறை மாணவர்கள் அறிந்து மகிழத்தக்கது. 1831இல் மைக்கல் பரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இங்கு தொழிற்படுகின்றது. பற்றரியின் 12 வோல்ற்று மின்சாரம் ‘கொயில்’ எனப்படும் சுருளின் தடித்த கம்பிச் சுற்றினூடாகப் பாய்கின்றது. டிஸ்ரிபியூற்றரினுள்ளே ‘பொயின்ற்’ எனப்படும் இரு சிறு முனைகள் உண்டு. எஞ்சின் சுழலச் சுழல அவை கூடியும் பிரிந்தும் வரும். பிரியும் கணத்திலே மின்னோட்டம் திடீரென அறுபட, காந்தப்புலம் குலைகின்றது. அதனால் மெல்லிய கம்பிச் சுற்றிலே பல ஆயிரம் வோல்ற்று எழுந்து பிளக்கின் முனையிலே பொறியாகப் பாய்கின்றது. பொயின்ற் முனைகள் பிரியும்போது அவற்றினிடையே பொறி பறந்து அவை தீயாது காப்பது, மாணவர்கள் பாடநூலிலே கொள்ளளவி எனப் படிக்கும் ‘கொண்டென்சர்’ ஆகும். இம்முறையைக் கார்களுக்கென வகுத்தவர் சாள்ஸ் கெற்றறிங் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர். கையாற் சுழற்றாது மின்னாலே எஞ்சினைச் சுழற்றும் ஸ்ராட்டர் 1912ஆம் ஆண்டின் கடிலாக் காரிலே வந்ததும் அவர் முயற்சியாலேயே. 1948இல் வெளிவந்த மொறிஸ் மைனரிலும் இதே முறையே உள்ளது. ஆகவே ஒரு பழைய காரை விளங்கிக்கொண்டவர் பலவற்றை விளங்கிக்கொண்டவராவர்.

சோதிக்கும் ஒழுங்கு

முதலாவது வினா, எஞ்சின் சுழல்கின்றதா என்பது. காரின் முன் விளக்குகளை ஏற்றிவிட்டு ஸ்ராட்டரை இயக்கிப் பாருங்கள். விளக்குகள் மங்கி அணையும் நிலை எய்தினாற் பற்றரி வலுக்குன்றியிருக்கலாம். அல்லது அதன் முனைகளிலே தொடுகை பழுதாகியிருக்கலாம். விளக்குகள் சிறிதும் மங்காது நிற்க, ஸ்ராட்டரும் வாளாவிருப்பின், மின்சாரம் அதனிடம் சென்றடையவில்லை என்பது பொருள். அப்பொழுது ஆளியையும் கம்பியையும் நோக்கவேண்டும்.

பற்றரியை மாற்றுமுன் அதன் முனைகளைப் பாருங்கள். வெண்மையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பின், இணைப்பைக் கழற்றி, இளஞ்சூட்டு நீரிலே அப்பச்சோடாவைக் கரைத்துக் கழுவித் துடைத்து, மீண்டும் இறுகப் பூட்டி, மேலே வஸ்லின் பூசிவிடலாம். எஞ்சினையும் காரின் உடலையும் இணைக்கும் தடித்த பின்னற் கம்பியையும் அவ்வாறே துப்புரவாக்க வேண்டும். கடற்காற்று உலாவும் நம் ஊர்களிலே அதன் இரு நுனிகளும் துருவேறி, நல்ல பற்றரியையும் கெட்ட பற்றரிபோலக் காட்டுவதுண்டு. நன்கு மின்னேறிய பற்றரி ஓய்விலிருக்கையில் ஏறக்குறைய 12.6 வோல்ற்றுக் காட்டும். 12 வோல்ற்றுக்கு இறங்கிவிட்டால் அது பெரும்பாலும் வெறுமையாகியதாகும். பழைய டைனமோ, எஞ்சின் மெதுவாக ஓடும்போது மின்னேற்றுவதில்லை. ஆகவே இரவிலே விளக்கேற்றிக் குறுந்தூரம் மாத்திரம் ஓடும் காரின் பற்றரி காலையில் வலுவற்றிருத்தல் வியப்பன்று.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களிலே பற்றரியின் நேர்முனை காரின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்காலக் கார்களிலே எதிர்முனை அவ்வாறு இணைக்கப்படுகின்றது. பழைய கார்களுட் சில இடைக்காலத்திலே புதிய முறைக்கு மாற்றப்பட்டும் உள்ளன. எம்முனை உடலோடு சேர்ந்தது என்பதைக் கண்ணாற் கண்டு தெளியாமல் வேறு பற்றரியைத் தொடுத்தல் ஆகாது.

இரண்டாவது வினா தீப்பொறி பற்றியது. பிளக் ஒன்றைக் கழற்றி, அதன் கம்பியிலே மீண்டும் பொருத்தி, பிளக்கின் உலோக உடல் எஞ்சினைத் தொடும்படி வைத்து, ஒருவர் எஞ்சினைச் சுழற்ற மற்றவர் நோக்கவேண்டும். நீலநிறப் பொறி பளிச்சென எழுந்தால் நன்று. மஞ்சளாக மெலிந்து எழுந்தாலோ, எழாவிட்டாலோ, டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றிப் பார்க்கலாம். மாரி காலத்திலே மூடியின் உட்புறத்தில் ஈரம் படிவது நம் நாட்டிற் பெருவழக்கு. உலர்ந்த துணியினால் துடைத்தாலே பல கார்கள் புறப்பட்டுவிடும். பொயின்ற் முனைகள் கருகியிருப்பின் நுண்ணிய அரத்தாளினால் துலக்கி, இடைவெளியைச் சரிசெய்யவேண்டும். மொறிஸ் மைனர் 1000 வகையிலே அவ்விடைவெளி அங்குலத்தின் ஆயிரத்தில் 14 முதல் 16 பங்கு, அதாவது ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர். பிளக் முனைக்கு ஆயிரத்தில் 25 பங்கு. தீப்பொறியைச் சோதிக்கும் இடத்திலே பெற்றோல் சிந்தியிருத்தலோ, அதன் ஆவி சூழ்ந்திருத்தலோ கூடாது. பெற்றோல் மணம் வீசினால் இச்சோதனையை அவ்வேளை கைவிடுக.

மூன்றாவது வினா பெற்றோல் பற்றியது. மொறிஸ் மைனரிலே மின்னால் இயங்கும் பம்பி உண்டு. திறப்பைத் திருகியவுடன் அது ‘டிக், டிக்’ எனச் சிறிதுநேரம் ஒலித்துப் பின் அடங்கவேண்டும். ஒலியே எழாவிடின் பம்பிக்கு மின் செல்லவில்லை, அல்லது அதன் முனைகள் ஒட்டிவிட்டன. ஓயாது ஒலித்துக்கொண்டிருந்தால் தாங்கியிற் பெற்றோல் இல்லை, அல்லது குழாயிலே காற்றுப் புகுகின்றது. காது ஒன்றினாலேயே இவ்வளவும் அறியலாம். பல மாதம் நின்ற காரிலே பெற்றோல் பழுதாகிப் பிசினாகி, காபரேற்றரின் நுண்துளைகளை அடைப்பதும் உண்டு. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்திலே ஓடாது கிடந்த கார்கள் பின்னர் புறப்பட மறுத்தமைக்கு இதுவும் வலுக்குன்றிய பற்றரியுமே பெருங்காரணங்கள். நம் நாட்டு வெப்பத்திலே ‘சோக்’ அதிகம் வேண்டியதில்லை. அதனை நெடுநேரம் இழுத்துவைத்தாற் பெற்றோல் மிகுந்து பிளக்குகள் நனைந்துவிடும். அப்படி நனைந்தவிடத்துச் சோக்கை உள்ளே தள்ளி, அக்ஸிலேற்றரை முழுதும் மிதித்தபடி எஞ்சினைச் சுழற்றவேண்டும்.

நான்காவது, நெருக்கம். பழைய கார்களின் முன்புறத்தில் இட்டுச் சுழற்றும் இரும்புக் கைபிடி இதற்கு உதவும். கியர் நீங்கியிருக்க, கை பிரேக் இட்டிருக்க, திறப்பு மூடியிருக்க, கைபிடியை மெதுவாக மேல்நோக்கி இழுத்தால் ஒவ்வொரு சிலிண்டரும் எதிர்த்து நிற்பதைக் கை உணரும். ஒன்று மாத்திரம் எதிர்ப்பின்றி நழுவினால் அங்கே வால்வோ பிஸ்டன் வளையமோ பழுதென்று ஐயுறலாம். கைபிடியைப் பற்றும்போது பெருவிரலை மற்றைய விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்தல் வேண்டும். எஞ்சின் திடீரெனப் பின்னோக்கி உதைத்தால், சுற்றிப் பிடித்த பெருவிரல் முறியும்.

இந்நான்கு சோதனைகளுக்கும் அரைமணி நேரமும், எளிய கருவிகள் சிலவுமே போதும். ஒரு வேளையில் ஒன்றை மாத்திரம் மாற்றி, மாற்றியபின் மீண்டும் ஸ்ராட் செய்து பார்க்கவேண்டும். நான்கை ஒருங்கே மாற்றியவர் கார் புறப்பட்டாலும் பழுது எது என்பதை அறியமாட்டார்.

ஓய்வுபெற்ற தபாலதிபரின் கார்

நம் ஊரிலே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கின்றார். எண்பதை அணுகிய வயது. அவரிடம் ஒரு மொறிஸ் மைனர் உண்டு. சென்ற ஆண்டு அது வழியிலே திடீர் திடீரென நிற்கத் தொடங்கியது. முதலாமவர் பற்றரியை மாற்றினார். இரண்டாமவர் கொயிலை மாற்றினார். மூன்றாமவர் பெற்றோல் பம்பியை மாற்றினார். ஒவ்வொரு முறையும் கார் சில நாள் ஓடியது, பின் நின்றது. ஓய்வூதியத்திலே வாழும் குடும்பம்; நாலு மாதச் செலவு கைமீறியது. பழைய கார்களைத் தேடி வாங்கும் வெளியூர் வியாபாரி ஒருவர் விலை பேசினார். வீட்டார் விற்பதென முடிவு செய்தனர்.

தபாலதிபருக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1990களிலே யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்த காலத்தில், அக்கார் மண்ணெண்ணெயில் ஓடியது. நள்ளிரவிலே பிரசவ வேதனையுற்ற அயலவரின் பெண்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றது அதுவே. அவ்வாறு பிறந்தவர்கள் இன்று தம் பிள்ளைகளோடு வந்து அக்காரைக் காட்டிச் செல்வதுண்டு.

மண்ணெண்ணெயில் ஓடிய வரலாற்றை இக்கால மாணவர் பலர் கதையென எண்ணுவர். அதிலே விஞ்ஞானம் உண்டு. குளிர்ந்த எஞ்சினிலே மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆதலால் சிறு போத்தலிலே பொன்போலச் சேர்த்துவைத்த பெற்றோலிற் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் செய்வர்; எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய் ஏற்கும். பெற்றோலில் ஸ்ராட் செய்து, சூடேறியபின் மண்ணெண்ணெய் இனத்து எரிநெய்க்கு மாற்றும் பேர்கூசன் உழவு இயந்திரங்களை இங்கிலாந்திலே 1949 முதல் செய்தனர். அங்கே அவை அவ்வெரிநெய்க்கென்றே அமைக்கப்பட்டவை. இங்கோ, பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினை மெக்கானிக்மார் தம் புத்தியினாலே அவ்வாறு இயக்கினர். எஞ்சின் இடிக்காதிருக்கத் தீப்பொறியின் வேளையைப் பிற்படுத்தினர். எரியாத மண்ணெண்ணெய் எஞ்சின் ஒயிலோடு கலந்து அதனை நீர்க்கச் செய்யுமென அறிந்து ஒயிலை அடிக்கடி சோதித்தனர். மாற்றுப் பாகம் எதுவும் கிடையாத அக்காலத்திலே, பழுது இதுதான் என நிச்சயமாக அறிந்தாலன்றி எதையும் கழற்ற இயலாது. அத்தகைய கல்வியைப் பெற்ற ஒருவரிடமே, விற்பதற்கு முதல் வாரம், தபாலதிபர் ஆளனுப்பினார்.

வந்தவர் பொனற்றைத் திறக்கவில்லை. திண்ணையில் இருந்து கேட்கத் தொடங்கினார். அருகிருந்த நாம் அவ்வுரையாடலை அவ்வாறே தருகின்றோம்.

“எப்ப நிக்கிறது ஐயா? விடிய எடுக்கேக்கையோ, ஓடிச் சூடேறின பிறகோ?”

“ஓடிக்கொண்டிருக்கேக்கைதான் தம்பி. பள்ளம் திட்டியிலை விழுந்தால் நிக்கும். கொஞ்ச நேரத்தாலை தானாய் ஸ்ராட் ஆகும்.”

“மழைக்கும் இதுக்கும் தொடர்பு இருக்கோ?”

“இல்லை. நல்ல வெய்யிலுக்கையும் நிண்டிருக்கு.”

“நிக்கேக்கை இழுத்திழுத்து நிக்கிறதோ, பட்டெண்டு அணையிறதோ?”

“பட்டெண்டுதான்.”

“அப்ப பெற்றோல் பக்கம் போகத் தேவையில்லை. கறண்ட்தான் எங்கையோ அறுபடுகுது.”

இதன் பின்னரே அவர் எழுந்து சென்றார். டிஸ்ரிபியூற்றரின் மூடியைக் கழற்றி, சோதனை விளக்கைத் தொடுத்து, பொயின்ற் அமர்ந்திருக்கும் தட்டை விரலாற் சிறிது அசைத்தார். விளக்கு மின்னி மின்னி அணைந்தது. உள்ளே செல்லும் மெல்லிய பின்னற் கம்பி, உறைக்குள்ளேயே இழை இழையாக அறுந்து, ஓரிரு இழையிலே தொங்கிக்கொண்டிருந்தது. கார் குலுங்கும்போது அவ்விழைகள் விலகும். பின் தாமாகவே சேரும். சாண் அளவும் இல்லாத புதுக் கம்பியை ஈயம் கொண்டு பற்றவைத்தார். அன்றிலிருந்து கார் நிற்கவில்லை. புறப்படும்போது, மூலையிற் கிடந்த பழைய கொயிலை எடுத்துத் துடைத்து, “இது பழுதில்லை ஐயா. எறியாதேயுங்கோ, காருக்குள்ளை வையுங்கோ. ஒருநாளைக்கு உதவும்” என்று சொல்லிச் சென்றார். வியாபாரிக்கு அன்று மாலையே மறுமொழி அனுப்பப்பட்டது.

நம்பத்தக்கவரை அறிதல்

முன்வந்த மூவரும் வஞ்சகரா? அல்லர் என்றே நாம் கருதுகின்றோம். காசுக்காக வேண்டுமென்றே நல்ல பாகத்தைக் கழற்றுபவர் சிலர் உளர். ஆயினும் பழுதை அறியாமலே, அறியாததை அறியேன் என்று சொல்ல நாணி, கையில் அகப்பட்டதை மாற்றுபவர் அவரினும் பலர். வீட்டாரின் பணம் இருவகையாலும் ஒரே அளவிற் கரைகின்றது. ஆகவே முகத்தையும் பேச்சையும் கொண்டு மெக்கானிக்கை எடைபோடுதல் பயன்தராது. அவர் வேலை செய்யும் முறையைக் கொண்டே எடைபோடவேண்டும். திருக்குறளின் பொருட்பாலிலே ‘தெரிந்து தெளிதல்’ என ஓர் அதிகாரம் உண்டு. வினைக்குரியாரை ஆராய்ந்து நம்பும் முறையைக் கூறுவது அது. கார் திருத்துவோரைத் தெரிவதற்கும் அம்முறை பொருந்தும்.

நல்ல மெக்கானிக் தொடுமுன் கேட்பார். கார் எப்பொழுது, எவ்வாறு, எத்தனை நாளாக இப்படி என்று விசாரிப்பார். மாற்றுமுன் சோதிப்பார், சோதித்ததை உங்களுக்கும் காட்டுவார். பற்றரியைத் தொடுமுன் எம்முனை உடலோடு சேர்ந்தது எனக் குனிந்து பார்ப்பார். இஃதொன்றே அவர் பழைய காரை அறிந்தவரா என்பதைக் காட்டிவிடும். கழற்றிய பாகத்தைக் கேளாமலே உங்கள் கையிலே தருவார். செலவு இவ்வளவுக்குள் அடங்கும், மிஞ்சினால் முதலிற் கேட்பேன் என்பார். தமக்குத் தெரியாததைத் தெரியாது என்று கூறி, டைனமோ கட்டுபவர் இன்னார், காபரேற்றர் வேலை அறிந்தவர் இன்னார் என வழிகாட்டுவார். புதுப் பாகம் என்பதனால் அது நல்லதென்று கொள்ளமாட்டார். இக்காலத்துச் சந்தையில் வரும் கொண்டென்சர்களுள்ளே தரங்குறைந்தனவும் உண்டு என்பது பழைய கார் வைத்திருப்போர் எங்கும் அறிந்ததே.

இத்தகையவரைத் தேடுவது எங்ஙனம்? பலகையின் அளவைப் பார்த்துச் செல்லாதீர்கள். அதே வகைக் காரை நாள்தோறும் ஓட்டுபவரைக் கேளுங்கள். பழைய காரை வாடகைக்கு ஓட்டிப் பிழைப்பவருக்கு, நின்ற காரினால் அன்றைய உழைப்பே இல்லை. அவர் தவறான இடத்துக்கு இருமுறை செல்லமாட்டார். முதலிலே சிறு வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். ஒயில் மாற்றுதலும் பொயின்ற் சரிசெய்தலும் போதும். அதனை ஒழுங்காகச் செய்பவரிடமே எஞ்சினைப் பிரிக்கும் பெருவேலையை ஒப்படைக்கலாம்.

வீட்டாரின் கடமை

நம்பிக்கை ஒருபக்கத்தால் மாத்திரம் உண்டாவதன்று. காருக்கென ஒரு கொப்பி வைத்து, எந்நாளில் எது பழுதுபட்டது, யார் எதை மாற்றினார், எவ்வளவு செலவாயிற்று என எழுதிவருதல் வேண்டும். பிள்ளைகளிடம் இப்பொறுப்பை ஒப்படைத்தால் அவர்க்கும் அது நற்பயிற்சியாகும். மெக்கானிக்கிடம் முன்நடந்ததை மறைத்தல், வைத்தியரிடம் நோயை மறைத்தல் போன்றது. ஒரே வாரத்தில் மூவரிடம் காட்டி, ஒருவர் செய்ததை மற்றவர் குலைக்கவிடுதலும் தகாது.

கூலி பற்றியும் ஒன்று கூறவேண்டும். கம்பித்துண்டுக்கு இவ்வளவு காசா எனக் கேட்பவர் நம்மிடையே உளர். கம்பித்துண்டுக்கு மதிப்பில்லை, அதனைக் கண்டுபிடித்த அறிவுக்கே மதிப்பு. பாகத்தை மாற்றினால் மறுபேச்சின்றிப் பணம் கொடுத்து, மாற்றாமலே திருத்தினால் பேரம் பேசுவோமாயின், மாற்றும்படி மெக்கானிக்கை நாமே பழக்குகின்றோம். தபாலதிபர் கேட்ட கூலியின் மேலும் கொடுத்தனுப்பினார். மூன்று பாகங்களுக்குக் கொடுத்த பணத்திலே அது சிறு பங்கு.

இவ்வறிவு எவ்வளவு காலம் நம்மிடையே இருக்கும் என்பது கவலைக்குரியது. இன்றைய கார்களிலே பொயின்ற் இல்லை, கணினி உண்டு. இளைஞர் அதனையே கற்கின்றனர், கற்கவும் வேண்டும். கிளிநொச்சி அறிவியல் நகரிலே 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலே மோட்டார்த் தொழில்நுட்பமும் கற்பிக்கப்படுகின்றது. அத்தகைய இடங்களிற் கற்கும் மாணவர்க்கு நாம் கூறுவது இதுவே: விடுமுறையிலே உங்கள் ஊரின் முதிய மெக்கானிக் ஒருவரிடம் சென்று சில நாள் அருகிருந்து பாருங்கள். கணினியும் குறிப்பையே காட்டும். அக்குறிப்பிலிருந்து பழுதை அறிபவர் மனிதரே. கம்பி அறுந்தமையாற் கணினி காட்டும் குறியைக் கண்டு, விலைமிகுந்த பாகத்தை மாற்றுவோர் இன்றும் உளர். கேட்டு, சோதித்து, பின் மாற்றும் ஒழுங்கு எஞ்சின் மாறினாலும் மாறாது.

அம்முதிய மெக்கானிக்கினிடம் இன்று உதவியாளர் ஒருவரும் இல்லை. அவருடைய கராஜிலே பழைய கார் மூன்று நிற்கின்றன. அவருக்கோ அறுபது கடந்துவிட்டது. அவர் அறிந்ததை ஏட்டிலே எழுதிவைத்தவர் இல்லை. ஓரிளைஞராவது அவ்வாயிலிற் போய் நிற்பாராயின், அக்கார்களும் ஓடும்; அக்கல்வியும் ஓடும்.